சீனி இறங்கினால் என்ன செய்வது? வன்னி வீடுகளில் இருந்து வரும் கேள்விகள்

வன்னியில் சலரோக (நீரிழிவு) கிளினிக்குகளில் தாதியாகப் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். இரத்தத்தில் சீனி கூடினால் கண் போகும், கால் போகும், சிறுநீரகம் போகும் என்று நாங்கள் சொல்லிச் சொல்லி அது எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது. சீனி இறங்கினால் என்ன ஆகும் என்பதை அதே அழுத்தத்தோடு சொல்லத் தவறிவிட்டோம். அதனால்தான் வியர்த்துக் கொட்டி நடுங்கிக்கொண்டிருக்கும் தகப்பனுக்கு ஒரு கரண்டி சீனி கொடுக்க மகள் பயப்படுகிறாள். கூடிய சீனி பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் அரிக்கிறது. இறங்கிய சீனி ஓர் இரவுக்குள் ஆளைக் கொண்டுபோய்விடும். அதற்கான முதல் மருந்தோ அடுப்படித் தட்டில் சீனிப் போத்தலிலேயே இருக்கிறது.

கிளினிக் வாங்கில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன். குளிசையின் அளவையோ இன்சுலின் ஊசியின் அளவையோ மாற்றுவது உங்கள் வைத்தியரின் முடிவு. அதை மட்டும் இதை வாசித்துவிட்டு நீங்களாகச் செய்ய வேண்டாம்.

எவ்வளவுக்குக் கீழே போனால் சீனி இறங்கிவிட்டது என்று சொல்வது?

சலரோகத்துக்கு மருந்து எடுக்கும் ஒருவருக்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் இறங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். அந்த இடத்திலேயே சீனி எடுக்க வேண்டும். 54க்குக் கீழே போனால் நிலைமை பாரதூரமானது, மூளை தடுமாறத் தொடங்கிவிடும். தசையும் ஈரலும் சீனியைச் சேமித்து வைக்கின்றன. மூளையிடம் அப்படிச் சொல்லும்படியான சேமிப்பு இல்லை. இரத்தம் கொண்டுவருவதை வைத்துத்தான் அது நிமிடத்துக்கு நிமிடம் வாழ்கிறது.

ஒரு விலக்கு உண்டு. மாதக்கணக்கில் 250, 300 என்று இருந்தவருக்கு மருந்து பிடித்து 90க்கு வந்தாலே நடுக்கம் வரலாம். அது உடம்பு பழைய கணக்கை மறக்காமல் இருப்பது. அவர் நேரத்துக்குச் சாப்பிட்டால் போதும், சில வாரங்களில் பழகிவிடும். ஆனால் சீனி பார்க்கும் கருவி கையில் இல்லாதபோது இந்த வித்தியாசத்தை யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. அறிகுறி வந்தால் இறங்கிவிட்டது என்றே நடந்துகொள்ளுங்கள்.

லண்டனில் இருந்து மகன் அனுப்பிய கருவி 5.4 என்று காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் விற்கப்படும் குளுக்கோமீட்டர்கள் மில்லிமோல் என்ற வேறு அலகில் காட்டுகின்றன. வந்த எண்ணை 18ஆல் பெருக்கினால் நமது கிளினிக் கொப்பியில் எழுதும் எண் கிடைக்கும். 5.4 என்பது 97, நல்ல அளவு. 3.9 என்பது 70. 3.0 என்பது 54.

வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் கருவிகள் நம் வீடுகளில் நிறைய இருப்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். 5.4இல் உள்ள புள்ளியைக் காணாமல் 54 என்று வாசித்துச் சீனி கொடுப்பதால் பெரிய கேடில்லை. 15.0ஐ 150 என்று வாசித்து நிம்மதியாக இருப்பதுதான் கேடு. அது உண்மையில் 270. கருவியின் முதுகில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி "3.9க்குக் கீழே என்றால் சீனி கொடு" என்று எழுதி வையுங்கள். பரிசோதனைப் பட்டிகளின் போத்தலை இறுக மூடி வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். கையைக் கழுவித் துடைத்துவிட்டே குத்த வேண்டும்: மாம்பழம் தொட்ட விரல், இறங்கிய சீனியைக்கூடக் கூடியதாகக் காட்டிவிடும்.

என்ன அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

முதலில் உடல் குரல் கொடுக்கும், பிறகு மூளை மங்கும். இந்த ஒழுங்கை மனத்தில் வைத்தால் மற்றவை தானாக விளங்கும்.

சீனி இறங்கத் தொடங்கியதும் உடல் அதிரினலின் என்ற சுரப்பை ஓடவிட்டு எச்சரிக்கை செய்கிறது. கை நடுங்கும். நெஞ்சு படபடக்கும். திடீரென்று அடங்காப் பசி எடுக்கும். முகம் வெளுக்கும், உதட்டைச் சுற்றி விறுவிறுக்கும், காரணமில்லாத பதகளிப்பு வரும். எல்லாவற்றையும்விடத் தெளிவான அடையாளம் குளிர்ந்த வியர்வை. நிழலில் சும்மா இருக்கும் மனிதரின் நெற்றியும் பிடரியும் நனைந்து, தொட்டால் சில்லென்று இருக்கும்.

இந்தக் கட்டத்தைக் கவனிக்காமல் விட்டால் மூளையின் முறை. கண் மங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும், நாக்குக் குழறும். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திணறுவார். சோற்றை வாயில் வைக்காமல் பிசைந்துகொண்டே இருப்பார். கேட்டதற்கு வேறெதையோ பதில் சொல்வார். எப்போதும் சாதுவாக இருப்பவர் எரிந்து விழுவார், சீனி கொடுக்க வந்தவரைத் தள்ளிவிடுவார். அடுத்தது வலிப்பு அல்லது நினைவிழப்பு.

இந்த இரண்டாம் கட்டத்தில்தான் நம் ஊரில் நேரம் வீணாகிறது. "ஏதோ பட்டுவிட்டது" என்று கோயிலுக்குக் கொண்டுபோய் நூல் கட்டிய பிறகு வைத்தியசாலைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திருநீறு பூச வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நானும் பூசுகிறவள்தான். அதற்கு முன் சீனியைக் கொடுங்கள். முதியவர்களில் இது ஒருபக்கக் கையும் காலும் சோர்ந்து பாரிசவாதம் போலவும் தோன்றலாம். வயது போனதால் புத்தி மாறாட்டம் என்று ஒதுக்கப்பட்ட சிலருக்கு உண்மையில் சீனி இறங்கியிருந்தது.

வயலில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. எது வேலையின் வியர்வை, எது சீனி இறங்கிய வியர்வை?

வேலையின் வியர்வை வேப்ப மர நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் அடங்கும். உடம்பு சூடாக இருக்கும், தாகம் எடுக்கும். சீனி இறங்கிய வியர்வை ஓய்வெடுத்தாலும் நிற்காது. கை நடுக்கமும் பசியும் கூட வரும். சந்தேகம் என்றால் வரம்பிலேயே உட்கார்ந்து சீனியை எடுங்கள், வீட்டுக்கு நடந்துபோய் எடுக்கலாம் என்று எண்ண வேண்டாம். நடக்கும் தூரம் மிச்சச் சீனியையும் எரித்துவிடும். காலபோக வெட்டு நாட்களில் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போவதும், முல்லைத்தீவுக் கரையில் இரவு முழுவதும் வலை இழுப்பதும் ஒரே மாதிரி ஆபத்தைத் தருகின்றன. குளுக்கோஸ் மாவையோ சீனியையோ ஈரம் புகாத பையில் கட்டி மடியிலோ தோணியிலோ வைத்திருப்பது, கத்தியும் கயிறும் எடுத்துப் போவதைப் போலப் பழக்கமாக வேண்டும்.

இறங்கிவிட்டது என்று தெரிந்துவிட்டது. உடனே என்ன கொடுப்பது, எவ்வளவு?

விழுங்கக்கூடிய நினைவோடு இருப்பவருக்கு 15 கிராம் சீனி. அதாவது, தேக்கரண்டியில் குவித்து அள்ளி மூன்று கரண்டி, அரைக் குவளைத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்கக் கொடுங்கள். குளுக்கோஸ் மாவு இருந்தால் இன்னும் நல்லது. தேனும் ஒரு மேசைக்கரண்டி கொடுக்கலாம். தேநீர் வைக்க அடுப்பு மூட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். பச்சைத் தண்ணீர் போதும்.

பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். 15 நிமிடம். அந்த 15 நிமிடமும் நீளமாகத்தான் தெரியும், அதற்குள் பயந்து அரைக் கிலோ சீனியை ஊட்டிவிட வேண்டாம். 15 நிமிடத்தில் திரும்பப் பரிசோதியுங்கள். கருவி இல்லையென்றால் ஆளைப் பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே என்றாலோ நடுக்கம் நிற்கவில்லை என்றாலோ அதே அளவை இன்னொரு முறை கொடுங்கள். சரியானதும் வழக்கமான சாப்பாட்டைக் கொடுக்க வேண்டும்; சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் இரண்டு துண்டுப் பாண், பிஸ்கட், ஒரு வாழைப்பழம் என்று ஏதாவது. சீனித் தண்ணீர் ஆளை மீட்கும், ஆனால் தாங்கிப் பிடித்து வைத்திருக்காது. அதைச் செய்வது சோறும் பாணும்தான்.

கடையில் சோடா வாங்குகிறீர்கள் என்றால் போத்தலில் உள்ள நிற வட்டத்தைப் பாருங்கள். 2016 முதல் இலங்கையில் மென்பானங்களில் சீனியின் அளவு நிறத்தால் காட்டப்படுகிறது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல். 150 மில்லிலீற்றர் போதும். செம்மஞ்சள் என்றால் அதைவிடக் குறைவு, அதனால் போத்தலில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்துக் கூடக் குடிக்க வேண்டும். பச்சை நிறம் மற்ற நாளில் உங்களுக்கு நல்லது, இந்த நேரத்தில் பயனில்லை. சீனி இல்லாதது என்று எழுதிய பானமும் அப்படியே.

சொக்லேட், பால்மா கரைத்த பால், ரொட்டி, வடை ஆகியவற்றை முதல் மருந்தாகக் கொடுக்க வேண்டாம். கொழுப்பும் மாவும் வயிற்றில் தங்கிச் சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதிக்கும். பனங்கட்டி மட்டும்தான் கையில் இருக்கிறதென்றால் நொறுக்கிக் கரைத்துக் கொடுங்கள். கடித்துச் சப்பிக்கொண்டிருக்க நேரமில்லை. ஒரு சிறிய எச்சரிக்கை: அகாபோஸ் என்ற குளிசை எடுப்பவருக்குச் சாதாரணச் சீனி மெதுவாகவே வேலை செய்யும், அவருக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும்.

சலரோகக்காரருக்குச் சீனி கொடுத்தால் கூடிவிடாதா? கூடியதா இறங்கியதா என்றே தெரியாவிட்டால்?

கொடுங்கள். கூடியிருந்தவருக்கு மூன்று கரண்டி சீனியால் நேரும் தீங்கு மிகச் சிறியது. இறங்கியிருந்தவருக்கு அதைக் கொடுக்காமல் விட்டால் உயிர் போகலாம். வாயால் விழுங்க முடிகிற வரை இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆள் மயங்கிவிட்டார். வாயில் சீனித் தண்ணீர் ஊற்றலாமா?

ஊற்றவே கூடாது. நினைவில்லாதவருக்கு விழுங்கத் தெரியாது. ஊற்றிய தண்ணீர் சுவாசக் குழாய்க்குள் போய் மூச்சை அடைக்கும். இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, மேல் காலை மடித்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாயில் வெற்றிலையோ பொய்ப்பல்லோ தெரிந்தால் எடுத்துவிடுங்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பதும் பல்லிடுக்கில் கரண்டி வைப்பதும் வேண்டாம். பக்கத்தில் கல், அடுப்பு, கத்தி இருந்தால் அவற்றை அகற்றுங்கள்.

உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். "சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர், மயங்கிவிட்டார்" என்று முதலே சொல்லுங்கள். வீதியின் பெயர் தெரியாத இடமென்றால் பக்கத்துக் கோயிலையோ பாடசாலையையோ குளக்கட்டையோ அடையாளம் சொல்லுங்கள். உட்பாதைகளில் இரவில் யானை நிற்கிறது என்று ஓட்டோக்காரர் தயங்கும் ஊர்கள் ஒட்டுசுட்டான் பக்கமும் உண்டு, மாங்குளம் பக்கமும் உண்டு. உங்கள் ஊர் அப்படி என்றால், யாருடைய வாகனம், எந்தத் தொலைபேசி எண், எந்த வழி என்பதை மயக்கம் வருவதற்கு முன்பே பேசி முடித்துச் சுவரில் எழுதி வையுங்கள்.

வைத்தியசாலையில் நாளத்தினூடாகக் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் கண் திறந்துவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு அது மாயம் போல இருக்கும். தாமதித்துக் கொண்டுவரப்பட்டவர் எல்லோரும் அப்படி எழுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மூளை நீண்ட நேரம் சீனியின்றிக் கிடந்தால் அதன் சேதம் மாறாமல் போகலாம்.

எந்த நிலையில் வைத்தியசாலைக்குப் போயே ஆக வேண்டும்?

மயங்கினால், வலிப்பு வந்தால், விழுங்க முடியாவிட்டால் காத்திருக்கக் கூடாது. இரண்டு மூன்று முறை சீனி கொடுத்தும் 70ஐத் தாண்டவில்லை என்றால் போங்கள். வாந்தியால் எதுவும் உள்ளே நிற்கவில்லை என்றாலும் போங்கள். சீனி ஏறிய பிறகும் பேச்சோ நடையோ தெளியவில்லை என்றால் பாரிசவாதமாகவும் இருக்கலாம். ஊசியைத் தவறுதலாகக் கூடுதலாகப் போட்டுவிட்டீர்கள் என்று தெரிந்தால், அறிகுறி வரும் வரை பார்த்திருக்காமல் சாப்பிட்டுக்கொண்டே புறப்படுங்கள். கர்ப்பிணி, குழந்தை, தனியாக இருக்கும் முதியவர் என்றால் இன்னும் முந்தியே போக வேண்டும்.

இன்னொரு கூட்டத்தினர் இருக்கிறார்கள், அவர்களைத்தான் வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள்: கிளிக்கிளசைட், கிளிமெப்பிரைட், கிளிபென்கிளமைட், தொல்பியூட்டமைட் என்ற குளிசைகளில் ஒன்றை எடுத்து மயங்கியவர்கள். சீனித் தண்ணீரில் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் இவர்களை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்தக் குளிசைகள் கணையத்தைத் தட்டி, சீனியை இறக்கும் இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். மருந்து உடம்பில் உள்ளவரை, ஒரு நாளோ அதற்கு மேலோ, சீனி மறுபடி மறுபடி இறங்கும். மாலையில் தெளிந்தவர் அதிகாலையில் மீண்டும் மயங்குவது இப்படித்தான். "சுகமாகிவிட்டார், ஏன் வார்டில் வைத்திருக்கிறீர்கள்" என்று எங்களிடம் சண்டை பிடிப்பவர்களுக்கு இதுதான் பதில். போகும்போது குளிசைப் பையையும் கிளினிக் கொப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மயங்கும் அளவுக்குப் போகவில்லை, வீட்டிலேயே சரியாகிவிட்டது, ஆனால் வாரத்தில் இரண்டாம் தடவை என்றால் அடுத்த கிளினிக் திகதிவரை பொறுத்திருக்காமல் வைத்தியரைப் பாருங்கள். அளவு உங்களுக்குக் கூடிவிட்டது என்பதற்கான அடையாளம் அது.

மெற்போமின் மட்டும்தான் எடுக்கிறேன். எனக்கும் இறங்குமா?

தனியே அதை மட்டும் எடுத்துச் சாப்பாடும் சாப்பிடுபவருக்கு இறங்குவது அரிது.

கிளினிக்குக்குப் போகும் நாளில்தான் எனக்குத் தலை சுற்றுகிறது. ஏன்?

இதை விளங்கிக்கொள்ள அன்றைய காலையை நினைத்துப் பார்த்தால் போதும். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்று இரவு எட்டு மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை. விடிய ஐந்து மணி பஸ். புறப்படும் அவசரத்தில், பழக்கத்தில், காலைக் குளிசையைப் போட்டுவிட்டீர்கள் அல்லது ஊசியை ஏற்றிவிட்டீர்கள். துணுக்காயிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ வந்து சேர்ந்து, இலக்கம் எடுத்து, இரத்தம் கொடுத்து, வைத்தியரைக் காணக் காத்திருக்கிறீர்கள். பத்து மணியாகிறது. இலக்கம் தவறிவிடும் என்று சாப்பிடப் போகவும் மனமில்லை. சீனி இறங்காமல் என்ன செய்யும்?

வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கும் நாளில் காலைக் குளிசையும் காலை ஊசியும், இரத்தம் கொடுத்து முடிந்து சாப்பாடு கைக்கு வந்த பிறகுதான். மருந்தையும் சாப்பாட்டையும் ஒன்றாகப் பையில் எடுத்து வாருங்கள்: இடியப்பமோ புட்டோ, கூட ஒரு குளுக்கோஸ் பைக்கற். இரவில் போடும் நீண்ட நேர இன்சுலினை என்ன செய்வது என்பதை முந்திய கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள். வரிசையில் நடுக்கம் வந்தால் கூச்சப்படாமல் தாதியிடம் சொல்லுங்கள். உங்கள் இலக்கத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

மருந்தை மாற்றவில்லை, ஆனால் சீனி தானாகக் குறைந்து வருகிறது. வருத்தம் மாறிவிட்டதா?

இந்தக் கேள்விக்கு நான் நிதானமாகப் பதில் சொல்வது வழக்கம், ஏனென்றால் என் அம்மாவின் கதை இது. ஆண்டுக்கணக்கில் 200க்குக் கீழே வராத அம்மாவின் சீனி ஒரு வருடத்தில் 140, 110, 90 என்று இறங்கியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா வாயைக் கட்டியதன் பலன் என்று நானும் நினைத்தேன். ஒரு விடியற்காலை எழுப்ப எழுப்ப எழவில்லை, தலையணை வியர்வையில் ஊறிக் கிடந்தது. கருவியில் 38. அன்று எடுத்த இரத்தப் பரிசோதனையில் அவருடைய சிறுநீரகங்கள் பெரும்பகுதி செயலிழந்திருந்தது தெரிந்தது.

சிறுநீரகம் இன்சுலினையும் பல குளிசைகளின் எச்சங்களையும் உடம்பிலிருந்து அகற்றுகிறது. பட்டினி நேரத்தில் கொஞ்சம் சீனியைத் தயாரித்தும் தருகிறது. அது பழுதானால் நேற்றைய மருந்து இன்றும் உடம்பில் நிற்கும், பசியும் குறையும். அதே குளிசை இரண்டு மடங்கு வேலை செய்வது போலாகும். ஆகவே காரணமின்றிச் சீனி குறைந்தால் கிரியாட்டினின் பரிசோதனையும் சிறுநீரில் புரதப் பரிசோதனையும் கேளுங்கள். வன்னியில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். காரணம் முடிவாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் வட மத்திய மாகாணத்தோடு நின்றுவிடவில்லை, வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் விவசாயக் கிராமங்களிலும் இருக்கிறது. சலரோகமும் அதுவும் ஒரே ஆளுக்கு வரலாம்.

ஈரல் நோயும் பெரிய உடல் மெலிவும் இதே விதமாகச் சீனியை இறக்கும். சாப்பாடு குறைந்தாலும் இறங்கும். 2022இல் அரிசியும் மாவும் விலையேறிய மாதங்களில் ஒரு நேரச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டு மூன்று நேரக் குளிசையையும் தவறாமல் போட்டவர்கள் கிளினிக்கில் இருந்தார்கள். வறுமையைச் சொல்ல வெட்கப்பட்டு மயங்கியவர்கள் அவர்கள். வீட்டில் சாப்பாடு குறைந்திருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவைத் தீர்மானிக்க அவருக்கு உங்கள் இரத்தப் பரிசோதனையைப் போலவே அதுவும் தேவை.

விரதம், நோன்பு பிடிக்கலாமா?

இன்சுலினோ மேலே சொன்ன கிளிக்கிளசைட் வகைக் குளிசைகளோ எடுப்பவர் கந்தசஷ்டியின் ஆறு நாளும் தண்ணீரோடு மட்டும் இருப்பது பெரிய ஆபத்து. பால், பழம் எடுத்து ஒரு பொழுது இருப்பதென்றாலும் மருந்தின் நேரத்தை மாற்ற வேண்டிவரும், ஆகவே விரதத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே வைத்தியரிடம் கேளுங்கள். றமழான் நோன்பு பிடிக்கும் சகோதரர்களுக்கும் அதுவே. நோன்பின்போது 70க்குக் கீழே வந்தால் நோன்பைத் திறந்துவிட வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்றே அறிஞர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

மடுவுக்கும் கதிர்காமத்துக்கும் நடந்து போகிறவர்கள் பட்டினி கிடக்காவிட்டாலும் கவனமாக இருக்க வேண்டும். நாள் முழுவதும் நடக்கும் தசை சீனியை உறிஞ்சும், நடை நின்ற பிறகு அன்றிரவும் உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

கள்ளுக் குடித்தால் சீனி கூடும்தானே, எப்படி இறங்கும்?

கள்ளில் உள்ள இனிப்பு முதலில் கொஞ்சம் ஏற்றலாம். பிறகு மதுசாரம் ஈரலின் கையைக் கட்டிப்போடுகிறது. பட்டினி நேரத்தில் புதிதாகச் சீனி தயாரித்து இரத்தத்தில் விடுவது ஈரலின் வேலை. அது நின்றுவிடுவதால் பல மணித்தியாலம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின், சீனி இறங்குகிறது. சாராயமும் கசிப்பும் இன்னும் கடுமை. வெறும் வயிற்றில் குடித்தால் மிகக் கடுமை.

இதில் கொடுமை என்னவென்றால் இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். தள்ளாடுகிறார், குழறுகிறார், தூங்கிவிட்டார். "வெறி முறிந்தால் எழுவார்" என்று திண்ணையில் விட்டுவிடுகிறார்கள். சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர் குடித்துவிட்டு விழுந்து கிடந்தால் அவரைத் தட்டி எழுப்புங்கள். எழுந்தால் சீனியும் சாப்பாடும் கொடுங்கள், எழாவிட்டால் 1990. கோபத்தை விடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இன்சுலின் போடுகிறேன். எதனால் திடீரென்று இறங்குகிறது?

பொதுவான காரணம் ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் இடையே நேரம் நீள்வது. கலவை இன்சுலினைப் போட்டு அரை மணித்தியாலத்தில் சாப்பிட வேண்டும். அதனால் சோறு வெந்த பிறகே ஊசியை எடுங்கள். உரலில் இடித்தல், மண்வெட்டி வேலை போன்றவை செய்யப்போகிறீர்கள் என்றால் அன்று கையில் போடாமல் வயிற்றில் போடுங்கள். ஒரே இடத்தில் போட்டுப் போட்டுக் கட்டியான தோலில் மருந்து தங்கிச் சேரும் வேகம் ஒழுங்கற்றுப் போகும்.

தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பி வந்த குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இந்தியாவில் ஒரு மில்லிலீற்றரில் 40 அலகு கொண்ட இன்சுலினும் அதற்கேற்ற சிரிஞ்சும் புழக்கத்தில் உண்டு. இங்கே கொடுக்கப்படும் போத்தலில் 100 அலகு. 40க்கான பழைய சிரிஞ்சால் 100 அலகு மருந்தை இழுத்தால், 20 அலகு என்று நினைத்துப் போட்டது 50 அலகாகிவிடும். இரண்டரை மடங்கு! போத்தலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் மண்பானையைத் தண்ணீர் ஊற்றிய மணலில் வைத்து, உள்ளே போத்தலை நனையாதபடி பையில் கட்டி நிழலில் வைக்கலாம். வெயிலில் கெட்ட இன்சுலின் வேலை செய்யாது. அதைப் பார்த்து அளவைக் கூட்டியவருக்கு, புதுப் போத்தல் தொடங்கும் நாளில் சீனி தடாலென்று இறங்கும்.

ஒன்று: இறங்கிவிட்டது என்ற பயத்தில் இன்சுலினை அடியோடு நிறுத்த வேண்டாம். முதலாம் வகைச் சலரோகம் உள்ள பிள்ளைகளுக்கு அது உயிராபத்து.

பாவற்காயும் குறிஞ்சாவும் மருந்தோடு சேரலாமா?

கறியாகச் சாப்பிடலாம். தினமும் சாறாக, தூளாக, பெயர் தெரியாத உருண்டையாக எடுத்தால் மருந்தோடு சேர்ந்து இறக்கும். எடுக்கிறீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் ஏச மாட்டோம்.

எனக்கு நடுக்கமே வருவதில்லை, ஒரேயடியாக மயங்கிவிடுகிறேன். ஏன்?

அடிக்கடி இறங்கினால் உடல் எச்சரிக்கை செய்வதையே நிறுத்திவிடும். நீண்ட கால சலரோகத்தில் நரம்புகள் பழுதானாலும் அப்படியே. புரோப்பிரனலோல், அட்டினலோல் போன்ற பிரஷர், நெஞ்சு மருந்துகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வையை மட்டும் மறைக்காது. இது உங்களுக்கு இருந்தால் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லுங்கள்: சில வாரங்கள் சீனியைச் சற்று உயர்வாக வைத்து இறங்காமல் பார்த்துக்கொண்டால் எச்சரிக்கை உணர்வு பெரும்பாலும் திரும்பி வரும். அதுவரை மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் ஓட்ட வேண்டாம், தனியே குளத்தில் இறங்க வேண்டாம். மற்றவர்களும் ஓட்டும்போது நடுக்கம் வந்தால் ஏ9 வீதியின் ஓரத்தில் நிறுத்திச் சீனி எடுத்து, சரியாகி முக்கால் மணித்தியாலம் கழிந்த பிறகே மீண்டும் ஓட்டுங்கள்.

சலரோகம் இல்லாதவருக்கும் இறங்குமா?

பசியில் வரும் கைநடுக்கம் எல்லாம் சீனி இறங்கியதல்ல. மருந்து எதுவும் எடுக்காதவரிடம் அறிகுறி இருக்கும் நேரத்தில் எடுத்த இரத்தத்தில் சீனி குறைந்திருந்து, சீனி கொடுத்ததும் அறிகுறி மறைந்தால்தான் அப்படிச் சொல்லலாம். அது அரிது, ஆனால் வந்தால் கட்டாயம் ஆராய வேண்டியது: இரைப்பைச் சத்திரசிகிச்சை, கடும் கிருமித்தொற்று, ஈரல் நோய், சுரப்பிக் கோளாறு, கணையத்தில் கட்டி என்று காரணங்கள் இருக்கலாம். பேரப்பிள்ளை அம்மம்மாவின் குளிசையை இனிப்பென்று விழுங்கியிருக்கவும் கூடும். ஒரு குளிசையே சிறு பிள்ளைக்குப் போதுமான ஆபத்து, அறிகுறி இல்லாவிட்டாலும் உடனே கொண்டுபோங்கள்.

பிறந்த குழந்தைகளிலும் நடக்கும். தாய்க்குச் சலரோகம் இருந்தால், குழந்தை நிறை குறைந்தோ மாதம் குறைந்தோ பிறந்தால், முதல் நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். பால் குடிக்க மறுக்கிறது, துவண்டு கிடக்கிறது, கை கால் உதறுகிறது என்றால் குடும்பநல உத்தியோகத்தர் வரும் நாளை எதிர்பார்த்திருக்க வேண்டாம்.

இரவில் இறங்குவதை எப்படி அறிவது? அம்மா தனியாகத்தான் படுக்கிறார்.

காலையில் தலையிடி, நனைந்த படுக்கை, கெட்ட கனவு, எழுந்ததும் குழப்பம். இவை இருந்தால் விடியற்காலை மூன்று மணிக்கு இரண்டொரு நாள் சீனியைப் பார்த்து எழுதி வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு இரவு மருந்தைப் போடுவதுதான் தனியாக இருக்கும் முதியவர்களை மயக்குகிறது, "பசியில்லை, ஒரு தேநீர் போதும்" என்று படுத்துவிடுவார்கள். வயது போனவர்களுக்கு இளையோரின் அளவுக்குச் சீனியை இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. படுக்கும்போது 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

கட்டில் தலைமாட்டில் மூடி இலகுவாகத் திறக்கும் போத்தலில் கரைத்த சீனித் தண்ணீர் இருக்கட்டும், தினமும் மாற்றி வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றிடம் பாடசாலைக்குப் போகும் வழியில் அம்மாவை ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் கதவைத் தள்ளித் திறக்கலாம் என்றும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.